அளவுகோலில் கோணல், அடியோ ஓட்டுநர் முதுகில்!

"கம்பெனிக்காரன் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்கிறான். நீ ஓட்டினால் 15-கூடத் தேறவில்லையே! மிச்சப் பெட்ரோல் எங்கே போயிற்று?"

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தோழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவர்கள். கேட்பவர் முதலாளி. கேட்கப்படுபவர் ஓட்டுநர். சான்று, ஒரே ஒரு பெட்ரோல் ரசீது. வழக்குமன்றம், கார் ஷெட்டின் வாசல். வழக்குத் தொடுத்தவரே சாட்சி, சாட்சியே நீதிபதி, நீதிபதியே தண்டனையை நிறைவேற்றும் தலையாரி! தண்டனை என்ன? மாதச் சம்பளத்தில் பிடித்தம்.

பிடித்தம் போகட்டும். அந்தக் கேள்விக்குள் ஒளிந்து நிற்கும் சொல் இருக்கிறதே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 'திருடன்' என்ற சொல்லை நாக்கு உச்சரிப்பதில்லை, பார்வை உச்சரிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விமான நிலையம், விடியற்காலை ஐந்து மணிக்குத் திருமண மண்டபம், பகலெல்லாம் மருத்துவமனை வாசல் என்று ஊரார் தேவைக்கெல்லாம் தம் உறக்கத்தை விற்றவர், ஒரு வகுத்தல் கணக்கின் விடையால் திருடர் ஆகிறார்!

முதலாளி கணக்குக் கேட்பது தவறு என்று நாம் வாதாட வரவில்லை. பெட்ரோல் அவர் காசு. கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். ஆனால், கணக்குக் கேட்பவர் கணக்காகக் கேட்கவேண்டும் என்கிறோம். கோணல் கோலைக் கொண்டு நிலத்தை அளந்துவிட்டு, "நிலம் குறைகிறதே, யார் வெட்டி எடுத்தது?" என்று அண்டை வீட்டுக்காரனைப் பிடித்து உலுக்குவது கணக்காகாது, கலகமாகும்.

மைலேஜ் என்பது என்ன? ஓடிய தூரத்தை, எரிந்த பெட்ரோலால் வகுத்து வரும் எண். அவ்வளவுதான். அந்தத் தூரம் சரியாக அளக்கப்பட்டதா? அந்தப் பெட்ரோல் சரியாக அளக்கப்பட்டதா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விடையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விதை எது என்று பாராமல் விளைச்சலைப் பற்றி வழக்காடுவது போல!

முதலில் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம்.

டேங்க் நிரம்பியதும் பங்க்கில் குழாய் 'டக்'கென்று தானாகவே நிற்கிறது. "ஃபுல் டேங்க்" என்கிறோம். எல்லா நாளும் ஒரே அளவில்தான் நிற்கிறதா? இல்லை. வண்டி சற்றுச் சரிவில் நின்றால் ஓர் அளவு. வேகமாகப் பாய்ந்து நுரை எழும்பினால் ஓர் அளவு. பங்க்குப் பையன் இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் வேறோர் அளவு. இன்றைய 'ஃபுல்'லுக்கும் நேற்றைய 'ஃபுல்'லுக்கும் ஒரு லிட்டர் வேறுபாடு வந்தால் வியப்படைய ஏதுமில்லை.

ஒரு லிட்டர்தானே என்கிறீர்களா? போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் 120 கிலோமீட்டர் ஓட்டியபின் டேங்கை நிரப்புகிறார். 8 லிட்டர் பிடிக்கிறது. 120-ஐ 8-ஆல் வகுத்தால் 15. சரி. ஆனால் நிரப்பியதில் ஒரு லிட்டர் கூடவோ குறையவோ இருந்திருக்கலாம் என்றோமே! அப்படியானால் உண்மையில் எரிந்தது 7 லிட்டராகவும் இருக்கலாம். 9 லிட்டராகவும் இருக்கலாம். 7 என்றால் மைலேஜ் 17.1. 9 என்றால் 13.3. அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர்! ஒரு கணக்கில் அவர் பரிசுக்குரியவர். மறு கணக்கில் பழிக்குரியவர். பங்க்குக் குழாய் எந்த நொடியில் நின்றது என்பதைப் பொறுத்து ஒரு மனிதனின் நாணயம் நிற்கிறது அல்லது சாய்கிறது!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. செலவில்லாத வழி. ஒரு டேங்கைப் பார்க்காதே. ஒரு மாதத்தைப் பார்!

மாத முதல் நாள் டேங்கை நிரப்புங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போட்ட பெட்ரோல் ஒவ்வொரு துளிக்கும் ரசீதை வைத்துக்கொண்டே வாருங்கள். மாதக் கடைசியில் மறுபடியும் நிரப்புங்கள், மீட்டரைப் பாருங்கள். பத்து முறை, முறைக்கு 30 லிட்டர். ஆக 300 லிட்டர். ஓட்டம் 4,500 கிலோமீட்டர். மைலேஜ் 15. இங்கேயும் அந்த ஒரு லிட்டர் கோளாறு உண்டு. ஆனால் இப்போது அது 299-க்கும் 301-க்கும் இடையே நெளிகிறது. வகுத்துப் பாருங்கள்: 15.05, 14.95. முன்னர் நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு ஆடிய எண், இப்போது ஒரு கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கி நிற்கிறது!

"பத்து முறை நிரப்பினால் பத்துக் கோளாறு சேராதா?" என்று கூர்மையான தோழர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சேராது! இன்று ஒரு லிட்டர் குறைவாக நின்றால், அந்தக் குறை அடுத்த நிரப்பலில் கூடுதலாக வந்து தீர்ந்துவிடுகிறது. இடையில் நடந்த கூடுதல் குறைவெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் நாள் கோளாறும் கடைசி நாள் கோளாறும் மட்டுமே மிஞ்சும். ஆதலால் காலம் நீள நீள, பிழை தேய்கிறது. அவசரக்காரனிடம் பொய் சொல்லும் கணக்கு, பொறுமைக்காரனிடம் உண்மை பேசுகிறது.

ஆனால், எல்லாப் பிழையும் இப்படித் தேய்ந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். பிழைகளில் இருவகை உண்டு. ஒன்று, தள்ளாடும் பிழை: இன்று இப்பக்கம், நாளை அப்பக்கம். பொறுமையாக இருந்தால் தானே நேராகும். மற்றொன்று, சாய்ந்து நிற்கும் பிழை: ஒரே பக்கமாகவே சாய்ந்திருக்கும். ஆயிரம் முறை அளந்தாலும் அந்தச் சாய்வு சாய்வுதான். எடைக்கல்லில் குறை வைத்திருக்கும் கடைக்காரனிடம் நூறு முறை வாங்கினால் நிறை வந்துவிடுமா?

காரின் தூரம் காட்டும் மீட்டர் இந்த இரண்டாம் வகை. அது சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறது. டயர் தேய்ந்தால் என்ன ஆகும்? புதிதில் டயரின் விட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். மேற்பரப்பு 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறையும், நூற்றுக்கு 2. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டர் 102 என்று காட்டும்போது வண்டி 100-தான் போயிருக்கும். தேய்ந்த டயரில் மைலேஜ் கூடுதலாகத் தோன்றும். புது டயர் மாட்டிய மறுநாளே குறைந்ததாகத் தோன்றும். டயர் மாற்றியவர் முதலாளி. திருடர் ஆனவர் ஓட்டுநர்! எப்படி இருக்கிறது நியாயம்?

இதற்கும் மருந்து சாலையோரத்திலேயே நிற்கிறது. நெடுஞ்சாலைகளில் நடப்பட்டிருக்கும் கிலோமீட்டர்க் கற்கள்! ஒரு கல்லில் மீட்டரைக் குறித்து, தொடர்ச்சியாக எண்ணி ஐம்பதாவது கிலோமீட்டர்க் கல்லில் மறுபடி குறியுங்கள். மீட்டர் 51 காட்டினால், உங்கள் மீட்டர் நூற்றுக்கு 2 கூடுதலாகப் பேசும் மீட்டர் என்று பொருள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் மட்டும் பார்த்து முடிவு கட்டவேண்டாம். ஐம்பது கல் பாருங்கள். இங்கேயும் நீளம்தான் நீதி.

பங்க்கின் அளவும் அப்படியே. பெட்ரோல் ஊற்றும் கருவியைச் சட்டமுறை எடையளவுத் துறையினர் சோதித்து முத்திரையிடுகிறார்கள். 5 லிட்டர் அளவுக் கலத்தில் ஊற்றிப் பார்த்தால் 25 மில்லிலிட்டர் வரை வேறுபாடு பொறுக்கப்படுகிறது. அதாவது நூற்றுக்கு அரை. ஐயம் எழுந்தால் அந்த 5 லிட்டர் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. வெப்பமும் தன் பங்குக்கு விளையாடுகிறது: 10 டிகிரி சூடேறினால் பெட்ரோல் ஏறத்தாழ நூற்றுக்கு 1 பங்கு விரிகிறது. லிட்டர் அதே லிட்டர். உள்ளே இருக்கும் சரக்கு குறைவு.

இன்னொரு கணக்குக் கண்கட்டு வித்தையையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொடைக்கானல் மலைக்கு ஒரு சவாரி: 200 கிலோமீட்டர், 20 லிட்டர், மைலேஜ் 10. சமவெளி நெடுஞ்சாலையில் ஒரு சவாரி: 200 கிலோமீட்டர், 10 லிட்டர், மைலேஜ் 20. சராசரி என்ன? பத்தும் இருபதும் முப்பது, அதில் பாதி பதினைந்து என்று கணக்குப்பிள்ளை எழுதுகிறார். தவறு! மொத்தம் ஓடியது 400. மொத்தம் எரிந்தது 30 லிட்டர். வகுத்தால் 13.3. ஒரு சொட்டும் களவு போகவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் காணாமல் போய்விட்டது! மைலேஜ்களைக் கூட்டாதீர்கள். தூரத்தைக் கூட்டுங்கள், லிட்டரைக் கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள்.

"இதெல்லாம் பழைய கதை. இப்போது வண்டியின் திரையிலேயே மைலேஜ் தெரிகிறதே! 18.3 என்று தசமப் புள்ளியோடு காட்டுகிறதே!" என்பார் முதலாளி. காட்டுகிறது. ஆனால் அந்தத் திரை பெட்ரோலை எடைபோட்டுக் காட்டவில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் துளை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து, இவ்வளவு போயிருக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. தூரத்துக்கு நம்பியிருப்பதோ அதே சக்கரச் சுற்றை! தசமப் புள்ளி என்பது நகை. நகை போட்டதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவாரா?

சரி, அந்த '20' எங்கிருந்து வந்தது? புனேயில் 1966-இல் அமைக்கப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற ஆய்வு நிலையங்களில் வண்டியை உருளைகள்மேல் ஏற்றி ஓடவிட்டு அளந்த எண் அது. நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டுவரும் அந்த இந்திய ஓட்ட முறையில் சோதனை ஏறத்தாழ 20 நிமிடம். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது. குழி கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, கூடுதல் மூட்டை கிடையாது, கோயில் திருவிழா நெரிசல் கிடையாது. எரிந்த பெட்ரோலைக்கூட நேரே அளப்பதில்லை. வெளிவந்த புகையிலுள்ள கரியை அளந்து, இவ்வளவு எரிந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஆய்வு நிலையம் பொய் சொல்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஒரே தராசில் ஒப்பிட அந்த எண் உதவும். அதை நம் சாலை ஓட்டுநரின் கழுத்தில் கயிறாகக் கட்டுவதுதான் கொடுமை.

அந்த எண்ணுக்கு உரியவர்களே எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். 2012-இல் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் தாங்கள் விளம்பரம் செய்த மைலேஜைக் குறைத்து அறிவிக்க நேர்ந்தது. பலமுறை அளந்ததில் சராசரியை எடுக்காமல் சாதகமாக வந்த முடிவுகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பது அந்நாட்டு அரசின் குற்றச்சாட்டு. 2014-இல் 10 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன. 2016-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம், ஏறத்தாழ 6 இலட்சத்து 25 ஆயிரம் சிறு கார்களின் மைலேஜ் சோதனையில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர், அறிவியலாளரை அமர்த்தியிருப்பவர், அளவையில் நழுவினால் அதற்கு விசாரணை உண்டு, வழக்கறிஞர் உண்டு, ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு. ஒரு டேங்கின் கணக்கில் சிக்கிய ஓட்டுநருக்கு? ஓர் இரவு அவகாசமும் இல்லை!

காத்திருப்பை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? 150 கிலோமீட்டர் சவாரி. லிட்டருக்கு 15 வீதம் 10 லிட்டர். ஐயா மண்டபத்துக்குள் விருந்துண்ண, அம்மையார் குழந்தையோடு வண்டிக்குள் இருக்க, ஏசியைப் போட்டபடி இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 2 லிட்டர் போயிற்று. தூரம் ஒரு முழம்கூட ஏறவில்லை. 150-ஐ 12-ஆல் வகுத்தால் 12.5! நின்ற இடத்தில் எரிந்த பெட்ரோலுக்கு மீட்டரில் இடமில்லை. ஓட்டுநரின் சம்பளத்தில்தான் இடம் இருக்கிறது!

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் மறக்கவேண்டாம். 2025-இல் இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது நூற்றுக்கு 20 என்ற அளவை எட்டியது. எத்தனாலில் உள்ள எரிசக்தி, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலில் மூன்றில் இரு பங்குதான். ஆகவே கலப்பில்லாத பெட்ரோலைவிட இந்தக் கலவையில் சக்தி நூற்றுக்கு 6 முதல் 7 குறைவு. மைலேஜ் எவ்வளவு குறையும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏட்டைப் புரட்டி, "அப்போது ஓடியதே, இப்போது ஏன் ஓடவில்லை?" என்று கேட்பவர், கேள்வியை ஓட்டுநரிடம் கேட்பது முறையல்ல.

நேர்மையான அளவை எப்படி இருக்கும் என்பதற்கு வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. 1897 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சினைச் சோதித்தவர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் என்ற பேராசிரியர். எஞ்சினைச் செய்தவரின் வாய்ச்சொல்லை அவர் ஏற்கவில்லை. தந்த எரிபொருளை எடையாலும், செய்த வேலையைக் குதிரைத்திறனாலும் கணக்கிட்டார். எரிபொருளின் சக்தியில் 26.2 விழுக்காடு வேலையாயிற்று என்று அறிவித்தார். அந்நாளைய நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அது பெரும் பாய்ச்சல். அந்தப் புகழ்பெற்ற எஞ்சினிலேயே நூற்றுக்கு 73-க்கு மேல் வெப்பமாகவும் புகையாகவும் வீணாயிற்று என்பதையும் எண்ணுங்கள். பெட்ரோல் தின்பது எஞ்சினின் இயல்பு. உண்டதெல்லாம் ஓட்டமாவதில்லை.

அப்படியானால் எந்த ஓட்டுநரும் பெட்ரோல் எடுப்பதே இல்லையா? அப்படி நாம் சத்தியம் செய்யவில்லை. எல்லாத் தொழிலிலும் புல்லுருவி உண்டு. ஆனால் நேர்மையாளரைக் காக்கும் கணக்குதான் திருடரையும் காட்டிக்கொடுக்கும். மீட்டரின் சாய்வு, பங்க்கின் சாய்வு, வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு மூன்று நான்கு என்று வையுங்கள். அப்போது 15 என்பதன் உண்மைப் பொருள், '14.5-க்கும் 15.5-க்கும் இடையே எங்கோ' என்பதாகும். அரைக் கிலோமீட்டர் குறைந்தது என்று குற்றம் சாட்டுபவர் காற்றைக் கட்டி இழுக்கிறார். ஆனால் ஒரு மாதக் கணக்கில், காத்திருப்பையும் கழித்தபின், 3 கிலோமீட்டர் குறைகிறதா? அப்போது ஏதோ நடக்கிறது. முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு உராய்கிறதா பாருங்கள். பெட்ரோல் குழாயில் கசிவு உண்டா பாருங்கள். எல்லாம் பார்த்த பிறகு மனிதரைப் பாருங்கள். இன்று நடப்பதோ தலைகீழ்: முதலில் மனிதர், பிறகுதான் இயந்திரம்!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இழப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யுமுன் தொழிலாளியை விளக்கம் கேட்கவேண்டும், காரணம் காட்ட வாய்ப்புத் தரவேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்த நெறி. 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. விளக்கம் கேட்டால் என்ன சொல்வது என்று தோழர்கள் திகைக்க வேண்டாம். கையில் கணக்கு இருக்கட்டும்!

கார் நிறுத்தந்தோறும் இருக்கும் தோழர்களுக்கு நமது வேண்டுகோள் இது: இரண்டு ரூபாய்ப் பேனாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் நாள், மீட்டர், லிட்டர், பங்க் ஆகியவற்றை எழுதுங்கள். டிரிப் ஷீட்டில் காத்திருந்த நேரத்தையும், ஏசி ஓடியதையும், மலைச் சவாரியையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிலோமீட்டர்க் கல்லோடு மீட்டரைச் சரிபாருங்கள். வகுத்தல் வராத தோழருக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளோ மகனோ போட்டுக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கும் அதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடைக்காது.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள். எண்ணைச் சொல்லும்போது, அந்த எண் எவ்வளவு ஆடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டத்தை மறைத்துச் சொல்லப்படும் எண், எண்ணல்ல, அவதூறு.

பெட்ரோல் தீர்ந்தால் அடுத்த பங்க்கில் போட்டுக்கொள்ளலாம். பறிக்கப்பட்ட நல்ல பெயரை எந்த பங்க்கில் போட்டுக்கொள்வது? தோழர்களே, நோட்டைத் திறவுங்கள், எழுதத் தொடங்குங்கள்!